தென்னையில் கருந்தலைப் புழு: மருந்தா, குளவியா?

திருகோணமலையில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கோடையில் தென்னையின் கீழோலைகள் தீயில் வாட்டியதுபோல் காய்ந்திருந்தால், தண்ணீர்ப் பஞ்சம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஓலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் எச்சமும் நூலும் கலந்த சுரங்கம் ஓடினால், உள்ளே கருந்தலைப் புழு இருக்கிறது. வளர்ந்தால் அந்துப்பூச்சி. இதை அடக்க மருந்து அடிக்கலாம், இல்லையென்றால் இந்தப் புழுவை அழிக்கும் குளவியைத் தோட்டத்தில் விடலாம்.

மருந்தில் கிடைப்பது வேகம். சரி, நாற்பது அடி மரத்துக்கு யார் ஏறி அடிப்பது? சுரங்கத்துக்குள் இருக்கும் புழுவில் அது படுவதும் குறைவு. வெளியே திரியும் குளவிகள்தான் முதலில் சாகும். முன்பு தென்னைக்குப் பயன்பட்ட மொனோகுரோட்டோபொஸ் என்ற பூச்சிமருந்துக்கு இலங்கையில் 1995இல் பொதுப் பாவனையில் தடை வந்துவிட்டது.

குளவியின் வழி வேறு. கோனியோசஸ் என்ற கறுப்புக் குளவி எறும்பளவுதான். புழுவைக் கொட்டி அசையாமல் ஆக்கி, அதன் உடம்பின் மேலேயே முட்டையிடும். பிறகும் பறந்துவிடாது, குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும்வரை தாய் பக்கத்திலேயே காவல் நிற்கும். இதே புழுவைத் தாக்கும் இன்னொரு குளவியான பிரகோனுக்கு இந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது, முட்டையிட்டதும் போய்விடும். கோனியோசஸ் ஏறக்குறைய இரண்டு கிழமையில் ஒரு தலைமுறையை முடிக்கும். அந்துக்கு இரண்டு மாதமளவு வேண்டும்.

சிக்கல், விடும் நேரத்தில்தான். புழுவெல்லாம் கூட்டுப்புழுவான சமயத்தில் விட்டால் கோனியோசஸுக்கு வேலையே இல்லை. பக்கத்து வளவில் மருந்தடித்தாலும் வீண்தான்.

உயர்ந்த மரங்களுக்கு நான் குளவியின் பக்கம். கைக்கெட்டும் இளந்தென்னை என்றால் இரண்டுக்கும் முன், தாக்கிய ஓலையை வெட்டி எரித்துவிடுங்கள். குளவி விட்ட பிறகு மட்டும் எரிக்காதீர்கள்.