அறுகம் குடாவில் அலைச்சறுக்கு: கோலாலம்பூரிலிருந்து போகிறவர்களுக்கு

அலைச்சறுக்கு கற்க வேண்டுமென்றால் நம்மூரில் எல்லாரும் பாலிக்குத்தான் டிக்கெட் பார்க்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்கள் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம் குடாவைத் தாராளமாக முதலில் வைக்கலாம். பக்கத்து ஊரான பொத்துவிலில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் அதிகம்; பயிற்சி தருகிறவர்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. அலை முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும்போது "இப்ப எழும்பு" என்று நம் மொழியில் குரல் கேட்டால் உடம்பு யோசிக்காமல் கேட்கும். முன்பதிவின்போதே தமிழ் பேசும் பயிற்றுநர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை போகலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கே வேலையில்லை. அப்போது நம் பகாங்கின் செரத்திங்கில் அலை இருக்கும். பினாங்கில் எந்த மாதமும் எதிர்பார்க்க வேண்டாம், இந்தியப் பெருங்கடல் அலையைச் சுமத்ரா மறித்துவிடுகிறது.

பயணம்தான் இதன் பெரிய குறை. கொழும்புக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம், பிறகு சாலையில் ஏழெட்டு மணி நேரம். ஐந்து இரவுக்குக் குறைவாகப் போனால் அலுப்புதான் மிஞ்சும். இரவில் இறங்கினால் நீர்கொழும்பில் தூங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புங்கள்.

புதியவர்கள் சறுக்க ஏற்ற இடம் பேபி பாயின்ட், அல்லது ஆட்டோவில் தெற்கே போனால் பீநட் ஃபார்ம். குடாவின் முக்கிய அலையிடமான மெயின் பாயின்டில் அடியில் பாறை, ஆழம் குறைவு, ஜூலை ஆகஸ்டில் நெரிசல் வேறு. முதல் நாளே அங்கே கூட்டிப்போகிற பள்ளி வேண்டவே வேண்டாம். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்பதைப் பணம் கட்டும் முன் கேளுங்கள். மூவருக்கு மேல் என்றால் அலை வரும்போது உங்கள் பலகையைத் தள்ளிவிட ஆள் இருக்காது.

எட்டு, ஒன்பது அடி நீள, மேல்பக்கம் மெத்தென்ற நுரைப் பலகைதான் சரி. குட்டையானது பார்க்க அழகு, மிதக்காது. காலில் கட்டும் கயிற்றில் வெடிப்பு இருக்கிறதா, அடியிலுள்ள துடுப்புகள் ஆடுகின்றனவா என்று கரையிலேயே பாருங்கள். படுத்தால் பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று விரல் உயரம் தெரிய வேண்டும். முன்னே தள்ளிப் படுத்தால் மூக்கு குத்திக் கவிழும்; பின்னே போனால் அலை அடியில் நழுவிப் போய்விடும். அலை பலகையின் வாலைத் தூக்குவது தெரிந்ததும் பலர் கையால் தண்ணீரைத் தள்ளுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் இரண்டு முறை தள்ள வேண்டும். உள்ளங்கைகளை விலா எலும்புக்குப் பக்கத்தில் பலகை மேல் ஊன்றுங்கள். ஓரத்தைப் பிடித்து எழுந்தால் பலகை சாயும். முழங்கால் போட்டு எழும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடாது. பார்வை கரையில், காலைப் பார்த்தால் விழுவீர்கள்.

விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழுங்கள், மேலே வரும்போது கைகளால் தலையை மறையுங்கள். உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவில் பலகை ஒருபோதும் இருக்கக் கூடாது. முகத்தில் அடிபடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

காற்று ஏறுவதற்கு முன் காலை இரண்டு மணி நேரம் போதும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால் விடியலில் தானாக விழிப்பு வரும். இரண்டாம் நாள் தோளும் விலாவும் நன்றாக வலிக்கும். மூன்றாம் நாளை ஓய்வுக்கு விடுங்கள். அன்று இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, பாணமை ஊரைத் தாண்டி உகந்தை முருகன் கோயிலுக்குப் போய் வரலாம். அந்தப் பக்கம் காட்டு யானை நடமாட்டம் உண்டு, இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.