4688, 4104, சிஸ்மான்: ஸ்கிரிப்ட்களைக் கண்காணிக்க எதை முதலில் இயக்குவது?

அலுவலகக் கணினிகளில் சந்தேகத்துக்குரிய ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்க, விண்டோஸுக்குக் காசில்லாமல் மூன்று வழிகள் உண்டு. செக்யூரிட்டி லாகில் (பதிவேட்டில்), ஒரு புரோகிராம் கிளம்பும்போது விழும் 4688 என்ற எண்ணுள்ள பதிவு; விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லின் லாகில் விழும் 4104 என்ற எண்ணுள்ள பதிவு; மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சிஸ்மான் என்ற கண்காணிப்புக் கருவி. இந்த வாரம் ஒன்றை மட்டும்தான் இயக்க நேரம் இருக்கிறது என்றால், 4104-ஐ இயக்குங்கள் என்பேன்.

பரவலாக அறியப்பட்ட ஒரு தாக்குதலை வைத்தே பார்ப்போம். கணக்குப் பிரிவில் ஒருவருக்கு இன்வாய்ஸ் என்ற பெயரில் வேர்ட் ஃபைல் வருகிறது. அதிலுள்ள மேக்ரோவை (ஃபைலுக்குள் இருக்கும் சிறு நிரலை) அனுமதித்ததும், திரையில் எதுவும் தெரியாமல் பவர்ஷெல் கிளம்புகிறது. கட்டளை முழுவதும் பேஸ்64 என்ற குறியாக்க முறையில் மாற்றிய எழுத்துக் குவியல்.

இதில் 4688 காட்டுவது, யார் யாரைக் கிளப்பினார்கள் என்பதை. வேர்ட், பவர்ஷெல்லைக் கிளப்பியது என்ற ஒரு வரியே போதும், அந்தக் கணினியை உடனே நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடலாம். ஆனால் இதற்கு இரண்டு பாலிசிகள் (விண்டோஸ் அமைப்புகள்) தேவை: புராசஸ், அதாவது ஓடும் புரோகிராம், உருவாவதைப் பதிவுசெய்ய ஒன்று, அதைக் கிளப்பிய முழுக் கட்டளையான கமாண்ட் லைனையும் சேர்த்துப் பதிய இன்னொன்று. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். அப்போது பவர்ஷெல் ஓடியது என்பது தெரியும், எதற்காக ஓடியது என்பது தெரியாது. கமாண்ட் லைனில் யாராவது பாஸ்வேர்டைத் தட்டியிருந்தால் அதுவும் லாகில் அப்படியே உட்காரும். அந்த லாகை யார் படிக்கலாம் என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

4104-இன் பலம் வேறு. பவர்ஷெல் ஒரு கோடை (நிரலை) இயக்கப்போகும் கட்டத்தில், அவிழ்ந்த வடிவத்தை எழுதிவைக்கிறது. 4688-இல் 'எஸ், கியூ, பி, எஃப்' என்று தொடங்கும் புரியாத சரம், இங்கே ஐ.இ.எக்ஸ். என்று வெளிப்படையாக நிற்கும். அதாவது கையில் கிடைத்த உரையைக் கோடாக ஓட்டு என்ற கட்டளை. தாக்குபவன் எந்த முகவரியிலிருந்து இறக்கினான், இறக்கியதை வைத்து அடுத்து என்ன செய்தான் என்பதும் தொடர்ந்து வரும். நீளமான ஸ்கிரிப்ட் பல துண்டுகளாகப் பதியும். ஒரே ஐடியை வைத்துச் சேர்த்துப் படிக்க வேண்டும். 4104-க்கான பாலிசியைத் தொடாமல் விட்டிருந்தாலும், பவர்ஷெல் 5 முதல் சில சந்தேகச் சொற்கள் உள்ள கோடு தானாகவே எச்சரிக்கையாகப் பதிவாகிறது. உங்கள் கணினியில் இன்றே திறந்து பாருங்கள்.

ஓட்டைகளும் உண்டு. பழைய பவர்ஷெல் 2.0 எஞ்சினுக்கு இந்தப் பதிவு கிடையாது. அது எந்தக் கணினியில் மிச்சமிருந்தாலும் தாக்குபவர் அதன் வழியாக நுழைவார். அதை நீக்காமல் 4104-ஐ நம்புவது வீண். விபிஸ்கிரிப்ட், ஜேஸ்கிரிப்ட், பேட்ச் ஃபைல் போன்ற வேறு வகை ஸ்கிரிப்ட்கள் எதுவும் இதில் வராது. 2000-இல் உலகையே சுற்றிய ஐ லவ் யூ வைரஸ் விபிஸ்கிரிப்ட்தான் என்பதை மறக்கக் கூடாது. அந்த வகைக்கு 4688 அல்லது சிஸ்மான்தான் கதி.

சிஸ்மானை 2014-இல் மார்க் ருசினோவிச்சும் தாமஸ் கார்னியரும் வெளியிட்டார்கள். 4688 தரும் தகவலோடு ஃபைலின் ஹேஷ் (ஃபைலை அடையாளம் காட்டும் கைரேகை போன்ற குறியீடு), தாய் புராசஸின் (அதைக் கிளப்பிய புரோகிராமின்) கமாண்ட் லைன் எல்லாம் தரும். கேட்டால் நெட்வொர்க் தொடர்பு, டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக மாற்றும்) தேடல்கூட. விசாரணை என்று வந்தால் இதற்கு ஈடில்லை. ஆனால் எதைப் பதிவது, எதைத் தள்ளுவது என்ற கான்ஃபிக் ஃபைலை ஒருவர் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். அப்படி ஆள் இல்லாத அலுவலகத்தில் சிஸ்மானை நிறுவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸ் 10-இல் வந்த ஆம்சி என்ற வசதி, ஓடப்போகும் ஸ்கிரிப்டை ஆன்டிவைரஸிடம் காட்டித் தடுக்க வழிசெய்கிறது. 2016-இலேயே பாதுகாப்பு ஆய்வாளர் மேட் கிரேபர் அதை ஒரே வரியில் முடக்கிக் காட்டினார். அப்படி முடக்கும் வரியும் 4104-இல் பதிவாகும் என்பது என் தேர்வுக்கு இன்னொரு காரணம்.

இயக்கியதும் பவர்ஷெல் லாகின் அளவைக் கூட்டுங்கள். இயல்பான 15 எம்பி சீக்கிரம் நிறைந்து, பழையவை அழிந்துபோகும். விண்டோஸிலேயே உள்ள ஈவென்ட் ஃபார்வர்டிங் மூலம் எல்லாவற்றையும் ஒரு சர்வருக்கு அனுப்புங்கள். உள்ளே நுழைந்தவர் கணினியில் உள்ள லாகை அழித்தாலும் நகல் மிஞ்சும். முதல் சில வாரங்கள் உங்கள் பேக்கப் மென்பொருளும் அட்மின் ஸ்கிரிப்ட்களும்தான் அதிகம் அலறும். அவற்றைப் பெயரோடு குறித்து ஒதுக்கிய பிறகுதான் அலெர்ட் வையுங்கள்.