மருமகனின் பியர் வாளி

வீட்டில் நாங்கள் இதை வாளி என்றுதான் சொல்கிறோம். கடைப் பெட்டியில் வேறு பெயர் அச்சிட்டிருந்திருப்பார்கள். என் கைக்கு வந்தபோது பெட்டி இல்லை, ஸ்டிக்கரும் கழுவிக் கழுவி அழிந்துபோயிருந்தது. 30 லீட்டர் கொள்ளும் வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி, அடியில் ஒரு குழாய், திருகி இறுக்கும் மூடி, மூடியின் நடுவே குமிழி விடும் சிறு வளைகுழாய், பக்கவாட்டில் ஒட்டிய பட்டை வெப்பமானி, கரைசலின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் ஒன்று, 740 மில்லிலீட்டர் பிளாஸ்டிக் போத்தல்கள் இருபத்தெட்டு. முப்பது இருந்தனவாம், இரண்டைப் பேரப்பிள்ளை எடுத்துவிட்டான். அவுஸ்திரேலியாவில் வீட்டில் பியர் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு விற்கும் ஆரம்பப் பொதி இது. அங்கே மூன்று தடவை பியருக்கும், இங்கே திருகோணமலையில் ஐந்து தடவை இஞ்சிப் பியருக்கும் பாவித்துவிட்டேன். எழுதும் அளவுக்குப் பழக்கம் வந்துவிட்டது.

நான் 31 ஆண்டுகள் மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஐஸ் தொழிற்சாலையொன்றில் குளிரூட்டி மெக்கானிக்காக இருந்தவன். நீரிழிவுக்கு இரண்டு வேளை மாத்திரை. அரைக் கிளாஸுக்கு மேல் எதையும் குடிக்க டாக்டரும் விடமாட்டார், மனைவி அதற்கும் முன்பே விடமாட்டாள். குடிக்காதவன் பியர் வாளிக்கு மதிப்புரை எழுதுவதா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். குடிப்பதற்காக வாங்கிய என் மருமகன் இரண்டே தடவையில் இதைக் கராஜ் மூலையில் போட்டுவிட்டார். மேலே புல்வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல் கானும் ஒரு பழைய தலையணையும் கிடந்தன.

மகளின் பிரசவத்துக்காக மெல்பேர்ணில் ஆறு மாதம் இருந்தபோதுதான் இதைக் கண்டேன். மருமகன் போட்டிருந்த கணக்கு எளியது. அங்கே கடைப் பியரில் வரி பெரும் பங்கு. சொந்தக் குடிப்புக்கு வீட்டில் செய்தால் அந்த வரி இல்லை. ஒரு தகர டின்னில் 1.7 கிலோ மோல்ட் பாகு (முளைவிட்ட பார்லியின் சாறு) வரும், ஹொப்ஸ் பூவின் கசப்பு அதிலேயே சேர்ந்திருக்கும். அதோடு ஒரு கிலோ சீனி, 23 லீட்டர் வரும்வரை தண்ணீர், மேலே ஒரு சிறு பைக்கற் ஈஸ்ட். இரண்டு கிழமையில் பியர். அவர் செய்ததோ நகப்பூச்சு வாசமும் கனிந்த வாழைப்பழ வாசமும் கலந்து அடித்ததாம், மறுநாள் தலையிடியாம்.

"மாமா, கடையில் வாங்கினால் இதைவிட நல்லதாகக் கிடைக்கும்" என்றார். எந்த மாதத்தில் செய்தீர்கள் தம்பி என்று கேட்டேன். ஜனவரி என்றார். ஜனவரி அங்கே கொளுத்தும் கோடை, கராஜோ தகரக் கூரை. எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. இந்த வகைப் பியருக்கான ஈஸ்ட் 18 முதல் 22 பாகை வரை ஒழுங்காக வேலை செய்யும். நொதிக்கும்போது அதுவே சூட்டைக் கக்கும், ஆகவே வாளிக்குள் இருப்பது அறையைவிட இரண்டு மூன்று பாகை கூடுதலாகத்தான் இருக்கும். முப்பதைத் தாண்டினால் அது அவசரப்பட்டு, வேண்டாத வாசங்களையும் தலையிடிக்கும் சாராயங்களையும் சேர்த்தே தள்ளும். மருமகன் வாளியைக் குறை சொன்னார், வாளியில் ஒட்டியிருந்த பட்டை வெப்பமானியை ஒருநாளும் பார்க்கவில்லை.

நான் யூலையில் தொடங்கினேன். அப்போது எதிர்ப்பக்கச் சிக்கல். இரவில் கராஜ் எட்டுப் பாகைக்கு இறங்கியது, ஈஸ்ட் உறங்கிவிட்டது, மூன்று நாள் ஒரு குமிழி இல்லை. வாழ்நாள் முழுக்கப் பொருட்களைக் குளிரவைத்துச் சம்பளம் வாங்கியவன், முதல் தடவையாக ஒன்றைச் சூடாக்கப் பாடுபட்டேன். வாளியைப் பழைய கம்பளியால் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் போத்தல்களை அணைத்து வைத்து, காலையும் மாலையும் மாற்றினேன். மகள் குழந்தைக்குப் பால் கொடுக்க எழும்பும் நேரத்தில் நான் வாளிக்கு வெந்நீர் மாற்ற எழும்புவேன். நான்காம் நாள் விடியற்காலை வளைகுழாயில் "புளக்" என்று ஒரு சத்தம். நாற்பது விநாடி கழித்து இன்னொன்று. மத்தியானத்தில் நான்கு விநாடிக்கு ஒன்றாகிவிட்டது.

அந்த வளைகுழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்தப் பொதியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கைகழுவும் தொட்டிக்குக் கீழே வளைந்த குழாயில் தண்ணீர் நிற்கும் அல்லவா, அதே வேலை. உள்ளே உண்டாகும் கரியமில வாயு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும், வெளிக்காற்றும் பூச்சியும் உள்ளே வரமாட்டா. சீனியின் எடையில் ஏறக்குறைய பாதி இப்படி வாயுவாகப் போய்விடுகிறது, மற்றப் பாதிதான் மதுசாரம். காசு கொடுத்து வாங்கிய சீனியில் பாதி காற்றோடு போகும் சத்தத்தை இவ்வளவு ஆசையாக உட்கார்ந்து கேட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்தது ஹைட்ரோமீட்டர். இது எனக்குப் பழைய நண்பன். ஐஸ் தொழிற்சாலையில் தண்ணீர் நிரப்பிய தகரக் கான்களை உப்புக் கரைசல் தொட்டியில் இறக்கித்தான் கட்டி ஐஸ் உறைய வைப்போம். கரைசலின் அடர்த்தி குறைந்தால் கரைசலே உறைந்துவிடும். தினமும் காலையில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு 1.15 இருக்கிறதா என்று பார்ப்பது என் முதல் வேலை. இங்கே கணக்கு தலைகீழ். சீனி நிறைந்த கரைசலில் தொடக்கத்தில் 1.042 காட்டியது. ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன மிதவை இறங்கிக்கொண்டே போய், பதினோராம் நாள் 1.010. மறுநாளும் 1.010. அதற்கு மறுநாளும் அதே. மூன்று நாள் அசையாவிட்டால் முடிந்தது என்று பொருள். வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் மதுசாரத்தின் அளவு கிடைக்கும், 4.2 விழுக்காடு. மருமகன் ஆறாம் நாளே போத்தலில் அடைத்தவர், காத்திருக்க மனம் வரவில்லை. அவர் அவசரம் பியருக்கு. எனக்கு அந்த எண் எங்கே போய் நிற்கும் என்றுதான் அவசரம், அதற்குக் காத்திருப்பது சிரமமாக இல்லை.

போத்தலுக்கு ஆறு கிராம் சீனி போட்டு மூடி, இன்னும் இரண்டு கிழமை வைத்தோம். திறந்தபோது நல்ல நுரை. மருமகன் ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு போத்தலைப் பார்த்தார். அரைக் கிளாஸ் எனக்கும் தந்தார். பியர்தான். அதற்கு மேல் வருணிக்க எனக்குத் தெரியவில்லை. மிச்சத்தை அவரும் நண்பர்களும் மூன்று சனிக்கிழமையில் முடித்தார்கள், முடிந்த அன்றே அடுத்த தொகுதி எப்போது மாமா என்று கேட்டார்கள். 23 லீட்டரைக் குடிக்க ஆள் இல்லாவிட்டால் நானும் இரண்டாவது தடவை செய்திருக்க முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது மகள் வாளியைத் தந்துவிட்டாள். உடுப்புகளையும் சொக்லட்டையும் அதற்குள் அடுக்கிக் கொண்டுவந்தேன். கட்டுநாயக்கவில் சுங்க அதிகாரி ஒருவர் தட்டிப் பார்த்து, அரிசி போட்டு வைக்கவா என்று கேட்டார். ஆமென்றே சொல்லிவிட்டேன்.

மோல்ட் டின் கொண்டுவரவில்லை. இங்கிலாந்தில் 1963 வரை வீட்டில் பியர் செய்யவும் உரிமம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட பிறகுதான் தடை நீங்கியது. நமக்கு 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அறுபத்தைந்து வயதில் மதுவரித் திணைக்களத்துக்கு நடக்க எனக்கு ஆசை இல்லை. ஆகவே இஞ்சிப் பியர். இஞ்சி, சீனி, தேசிக்காய், தண்ணீர், இஞ்சியிலேயே வளர்த்தெடுத்த ஈஸ்ட். நுரை கட்டியவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுவேன். 1.036இல் தொடங்கி 1.031இல் நிறுத்துகிறேன், பிள்ளைகளின் பானம்போலத்தான். அப்படியிருந்தும் மதிலுக்கு அப்பாலிருந்து குமிழிச் சத்தம் கேட்ட அயல்வீட்டு அண்ணர், கசிப்பா என்று மெதுவாகக் கேட்டார். கசிப்பைக் காய்ச்சி ஆவியை வடிக்க வேண்டும் அண்ணை, இதில் அடுப்பே இல்லை என்று விளக்கினேன். அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

திருகோணமலையில் இந்த வாளியின் உண்மையான சோதனை வெக்கைதான். உவர்மலையில் எங்கள் குசினி யூனில் 33 பாகைக்குக் குறைவதில்லை. பொதியில் குளிர்விக்க எந்த ஏற்பாடும் இல்லை. ஆனால் நமக்குக் கச்சான் இருக்கிறது. (வறுத்த கச்சான் இல்லை, மேற்கிலிருந்து வீசும் காற்று.) மே முதல் செப்டெம்பர் வரை தோலை உரிக்கும் அந்த வறண்ட காற்றைத் திட்டாதவர் ஊரில் இல்லை. வாளியை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து, ஈரச் சாக்கால் சுற்றி, சாக்கின் நுனி தண்ணீருக்குள் தொங்கும்படி விட்டு, பின் விறாந்தையில் காற்று வரும் வாசலில் வைத்தேன். சாக்கு நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கச்சான் அதை உலர்த்திக்கொண்டே இருக்கும். பட்டை வெப்பமானி 26 காட்டியது. மோட்டர் இல்லை, வாயு இல்லை, மின்கட்டணம் இல்லை. 31 ஆண்டு அமோனியாக் குழாய்களோடு மாரடித்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கார்த்திகை மழையில் இதே வித்தை பலிக்கவில்லை. காற்றே ஈரம், சாக்கு உலரவில்லை, பூஞ்சணம்தான் பிடித்தது.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. அப்படியே ஊற்றினால் மருந்து வாசம் தட்டும். கொதிக்கவைத்து, இரவு முழுக்கத் திறந்த பானையில் ஆறவிட்டுப் பாவிக்கிறேன்.

இனிக் குறைகள். குழாய் கசிகிறது. முதலில் ஒரு சொட்டு, பிறகு எறும்பு வரிசை. உள்ளே இருக்கும் வாஷர் ஒரு ஆண்டில் கல்லாகிவிட்டது. மத்திய வீதியில் இரண்டு இரும்புக் கடைகளில் தேடியும் அளவு கிடைக்கவில்லை. கடைசியில் சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டிப் போட்டேன், அது இன்றுவரை நிற்கிறது. பிளாஸ்டிக் கீறலுக்கு இடம் கொடுக்கிறது. சட்டி தேய்க்கும் தும்பால் நானே ஒருநாள் உள்ளே தேய்த்துவிட்டேன். அந்தக் கீறல்களுக்குள் என்ன குடியேறியதோ, அடுத்த தொகுதி பழங்கள்ளுப்போலப் புளித்தது. மென்மையான துணி மட்டும்தான், ஞாபகம் இருக்கட்டும். ஹைட்ரோமீட்டரை மேசையில் படுக்க வைக்காதீர்கள், உருளும். இது இரண்டாவது.

போத்தல்களைக் குறை சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் என்பதால் விரலால் அமுக்கிப் பார்த்தே உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று அறியலாம். கல்லுப்போல இறுகினால் உடனே குளிருக்குள். போத்தல் பற்றாமல் ஒரு தடவை நான்கு பழைய கண்ணாடிப் போத்தல்களில் அடைத்தேன். இரவு பதினொரு மணிக்கு ஒன்று வெடித்தது. இந்த ஊரில் இரவில் அப்படிச் சத்தம் கேட்டால் எங்கள் வயதுக்காரர் யன்னலுக்குப் போகமாட்டோம், நிலத்தில்தான் இருப்போம். மனைவியும் நானும் இருட்டில் தரையில் இருந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இஞ்சி மணம் வந்தது. அவள் சிரித்தாள், பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கண்ணாடி இந்த வீட்டில் முடிந்த கதை.

யாருக்கு இதைச் சொல்வேன்? மலிவாகக் குடிக்க நினைப்பவர் வாங்க வேண்டாம். கள்ளுப் பிரியர்களும் வேண்டாம். விடிய மரத்தில் ஏறி இறக்கிய முட்டியில் காற்றிலிருந்து வந்த ஈஸ்ட் வேலையைத் தொடங்கியிருக்கும், மத்தியானம் கள்ளுத் தவறணையில் பனையோலைப் பிளாவில் வாங்கிவிடலாம். நான்கு கிழமை காத்திருக்க அவருக்கு என்ன தலைவிதி? ரேடியோவைக் கழற்றிப் பூட்டியவர்கள், தயிர் ஏன் ஒருநாள் இறுகி ஒருநாள் இளகுகிறது என்று கேட்பவர்கள், ஓய்வு பெற்ற பின் காலை ஏழு மணிக்கு ஒரு மானியைப் பார்க்காவிட்டால் கை நடுங்குகிறவர்கள் வாங்கலாம். குடிக்க ஆட்கள் தாமாகவே வருவார்கள். எங்கள் ஒழுங்கையில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள், கசிப்பா என்று கேட்ட அண்ணர் உட்பட.

வாங்குகிறவர்கள் குழாய் வாஷர் இரண்டு மேலதிகமாகக் கேட்டு வாங்குங்கள்.

கச்சான் ஓய்ந்துவிட்டது, இனி மே வரை வேலை இல்லை. வாளியைக் கழுவிக் காயவைத்திருந்தேன். போன கிழமை மனைவி அதில் பத்துக் கிலோ அரிசியைக் கொட்டிவிட்டாள். சோற்றில் இலேசாக இஞ்சி மணக்கிறது.