புதுச் சேணமா, பழைய சேணமா? பழுதுச் செலவை வைத்து ஓர் அலசல்

கோலாலம்பூரில் குதிரையேற்றம் பழகுகிறவர்கள் சொந்தச் சேணம் வாங்க நினைத்தால் கைக்கு எட்டுவது பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ஆயிரம் ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் புத்தம்புது மலிவுத் தோல் சேணம். இன்னொன்று, அதைப் போல் இரண்டு மடங்கு விலையில், இங்கிலாந்தின் வால்சால் நகரில் செய்த பழைய சேணம். நான் பழையதைத்தான் எடுத்தேன்.

பார்வைக்குப் புதியது அழகு. உட்காரவும் சுகமாகத்தான் இருக்கும். சரி, இரண்டையும் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். நல்ல சேணத்தில் அடிமெத்தையைத் தடித்த நூலால் கையாலேயே தைத்திருப்பார்கள். அந்தத் தையலைப் பிரித்தால் மெத்தை விலகும், வயிற்றுவார் மாட்டும் பட்டைகளின் அடி தெரியும். பட்டையை மாற்றிவிட்டு அதே துளைகளில் மறுபடி தைத்துவிடலாம். மட்டமான சேணத்தில் அங்கே இருப்பது ஸ்டேப்பிள் ஊசியும் பசையும்தான். நம் ஊர் ஈரத்திலும் குதிரை வியர்வையிலும் ஊசி துருப்பிடித்துப்போகும். பிடுங்கினால் மெல்லிய தோலும் கூடவே கிழிந்து வரும்.

கூலி எகிறுவது இங்கேதான். என் சேணத்துக்குப் பட்டை மாற்ற 350 ரிங்கிட் ஆனது. அதே வேலைக்கு எங்கள் லாயத்தில் ஒரு தோழியின் புதுச் சேணத்துக்கு 600 கேட்டார்கள். அதுவும், தோல் கிழிந்தால் பொறுப்பில்லை என்ற பேச்சோடு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தைப்பவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கூலி வாங்குவது வேலை பிடிக்கும் நேரத்துக்கு. சேணம் மலிவு என்பதற்காக நேரம் குறையாதே.

அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் ஐம்பது ரிங்கிட்டில் முடியும் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். மெஷின் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். சேணத் தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் இழுப்பார்கள். ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும். பட்டை கழன்றால் சேணத்தோடு ஆளும் கீழே விழ வேண்டியதுதான்.

அப்புறம் மெத்தை. கம்பளி அடைத்தது அமுங்கினால் இன்னும் கொஞ்சம் திணித்துச் சரிசெய்யலாம். நுரைப்பஞ்சு அடைத்தது அமுங்கினால் மொத்தமாக மாற்ற வேண்டும்.

இந்தியச் சேணம் என்றாலே மட்டம் என்று நம்மவர்களே சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கான்பூரில் செய்யும் சேணங்கள் பல நாடுகளுக்குப் போகின்றன, நல்ல தையல் அங்கேயும் உண்டு. ஊரைப் பார்க்காமல் தையலைப் பாருங்கள்.

வின்டெக் போன்ற செயற்கைச் சேணங்கள் பூஞ்சணத்துக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. சொந்தமாக வைத்துப் பழகாததால் அவற்றின் பழுதுச் செலவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பழையது வாங்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு: உள்ளே இருக்கும் சட்டம் முறிந்திருக்கலாம். முன்வளைவை வயிற்றில் முட்டுக்கொடுத்து, பின்முனையை உங்கள் பக்கம் இழுங்கள். கொஞ்சம் வளைந்து திரும்புவது சரிதான். நடுவில் மடிந்தாலோ, கிறீச்சென்று சத்தம் வந்தாலோ, பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.