1,346 வீடுகள், 1,174 குடித்தனங்கள்: கனடாவின் ‘சென்சஸ் புரொஃபைல்’ பக்கத்தை எவ்வளவு நம்பலாம்?

நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில் இருக்கும் சிறிய துறைமுக நகரம் லுனென்பர்க். 1753-இல் பிரிட்டிஷார் கட்டம் போட்டுத் தெரு பிரித்து அமைத்த ஊர். அதன் பழைய நகர்ப்பகுதி 1995 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் நாம் பார்க்கும் புளூநோஸ் பாய்மரக் கப்பலை 1921-இல் கட்டியதும் இங்கேதான். இப்படி ஓர் ஊருக்கு வேலை மாற்றிப் போகவோ, வீடு வாங்கவோ, கடை போடவோ நினைப்பவர், எத்தனை பேர் இருக்கிறார்கள், எப்படிப்பட்ட குடித்தனங்கள், வீடு கிடைக்குமா என்று பார்க்க முதலில் திறப்பது கனடா புள்ளிவிவரத் துறையின் ‘சென்சஸ் புரொஃபைல்’ பக்கத்தைத்தான். இலவசம், பதிவு செய்யத் தேவையில்லை, விளம்பரம் கிடையாது. ஓர் ஊருக்கு 2,600 வரிகளுக்கு மேல் விவரம் தருகிறது. ஆளை எண்ணுவதில் இந்தச் சேவை கெட்டி. வீட்டு விஷயத்தில் அதை மட்டும் நம்பி இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் சறுக்கல் தேடல் பெட்டியிலேயே இருக்கிறது. ‘லுனென்பர்க்’ என்று தட்டினால் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் வந்து நிற்கும். நகரம் ஒன்று, அதைச் சுற்றியுள்ள மாவட்ட நகராட்சி ஒன்று, இரண்டையும் பக்கத்து நகரங்களையும் உள்ளடக்கிய கவுண்டி ஒன்று. மூன்றுக்கும் ஒரே பெயர். கவுண்டியின் மக்கள்தொகை நகரத்தைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு; அதைத் தவறாக எடுத்துவிட்டால் அதன் பிறகு பார்க்கும் ஒவ்வொரு எண்ணும் தவறு. பெயருக்குப் பக்கத்தில் ‘டவுன்’ என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். ஏழு இலக்கக் குறியீட்டையும் குறித்துக்கொள்வது நல்லது: முதல் இரண்டு மாகாணம் (நோவா ஸ்கோஷியாவுக்கு 12), அடுத்த இரண்டு கவுண்டி (லுனென்பர்க்குக்கு 06), கடைசி மூன்று ஊர். இன்னொன்று: படகும் பாறையுமாகப் புகைப்படங்களில் வரும் புளூ ராக்ஸ் போன்ற மீனவக் குடியிருப்புகள் நகர எல்லைக்கு வெளியே இருப்பவை. அங்கே வீடு பார்ப்பவர் திறக்க வேண்டியது மாவட்ட நகராட்சியின் பக்கம்.

சரியான பக்கத்தைத் திறந்ததும் மேலே வரும் எண்கள் தெளிவானவை. 2021-இல் 2,396 பேர்; 2016-இல் 2,263. ஐந்தாண்டில் 5.9 சதவீத வளர்ச்சி. பரப்பு 4.04 சதுர கிலோமீட்டர், அடர்த்தி 593.1. இந்த மேல் வரிகளில் முழுமையாக்கல் (எண்ணை 5, 10 என்று உருட்டுவது) இல்லை, எண்ணியது எண்ணியபடியே வருகிறது. கணக்கெடுப்பு நாள் 2021 மே 11. ஒவ்வொருவரையும் அவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் எண்ணுகிறார்கள். அதனால் கோடையில் மட்டும் வருபவர்கள் இதில் இல்லை. ஜூலையில் துறைமுகத்தில் நிற்கும் கூட்டத்துக்கும் 2,396-க்கும் சம்பந்தம் பார்க்கக் கூடாது. கடை போடுபவர்கள் கவனிக்க: அந்த எண் ஜனவரி மாத வாடிக்கையாளர் எண்ணிக்கைக்குத்தான் நெருக்கம்.

அடுத்த இரண்டு வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. மொத்தத் தனியார் வீடுகள் 1,346. வழக்கமாக வசிப்பவர்கள் குடியிருக்கும் வீடுகள் 1,174. வித்தியாசம் 172, அதாவது 12.8 சதவீதம். நாடு முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டால் 1,62,84,235 வீடுகளில் 1,49,78,941-இல் ஆள் இருக்கிறார்கள். வித்தியாசம் 8 சதவீதம். ஒரு கடலோர ஊரின் தன்மையை அறிய இந்த ஒற்றைக் கழித்தலைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் இந்தக் கழித்தலைப் பக்கம் செய்து தராது. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அந்த 172 என்னவென்று கேட்டால் பக்கம் வாய் திறக்காது. விற்பனைக்குக் காலியாகக் கிடப்பது, பழுதுபார்ப்பில் இருப்பது, டொராண்டோக்காரரின் கோடை வீடு, நாள் வாடகைக்கு விடுவது, வேறு ஊரில் நிலையான வீடு வைத்திருப்பவர் தற்காலிகமாகத் தங்கியிருப்பது எல்லாம் ஒரே மூட்டை. ‘172 வீடு காலி, வாடகைக்குக் கிடைக்கும்’ என்று படித்தால் ஏமாற்றம்தான். இன்னொரு பக்கம், இந்த எண் குறைத்தும் காட்டும். ஆண்டு முழுவதும் வசிக்கத் தகுதியில்லாத குடில், அதாவது சூடேற்ற வசதியோ மின்சாரமோ இல்லாதது, கணக்கெடுப்பு நாளில் ஆளில்லாமல் இருந்தால் வீடாகவே எண்ணப்படாது. நகரத்துக்குள் இது பெரிய விஷயமல்ல. சுற்றியுள்ள ஏரிக்கரை, கடற்கரைப் பகுதிகளில் பெரிய விஷயம்.

குடித்தன அளவிலும் சின்னப் பொறி ஒன்று உண்டு. 2,396-ஐ 1,174-ஆல் வகுத்தால் 2.04 வரும். பக்கம் தரும் சராசரி அதுவல்ல. முதியோர் இல்லம் போன்ற கூட்டு விடுதிகளில் வசிப்பவர்களை நீக்கிவிட்டுத்தான் துறை வகுக்கிறது, அதுதான் சரி. முதியோர் இல்லம் உள்ள சிறிய ஊரில் நூறு பேர் அந்தப் பக்கம் போனாலே சராசரி கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். மக்கள்தொகையில் 65 வயதைக் கடந்தவர்களின் பங்கையும் அதே கூட்டம்தான் ஏற்றுகிறது. கனடாவின் சராசரி குடித்தன அளவு 2.4, ஒருவர் மட்டும் வாழும் குடித்தனங்கள் 29.3 சதவீதம். லுனென்பர்க்கை இந்த இரண்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள், பெரிய வீட்டில் தனியாக வாழும் முதியவர்கள் என்ற சித்திரம் தானாக எழும்.

கீழே போகப் போக வரிகளுக்குள் சாதி வித்தியாசம் தொடங்குகிறது. வயது, பால், குடும்ப வகை, வீட்டு வகை, தாய்மொழி, வருமானம் ஆகியவற்றின் பெரும்பகுதி அனைவரையும் எண்ணியது. அறை எண்ணிக்கை, கட்டிய காலம், வீட்டின் நிலை, மாதச் செலவு, வீட்டு மதிப்பு, இடம்பெயர்வு, வேலை, இனப் பின்னணி ஆகியவை நான்கில் ஒரு குடித்தனம் நிரப்பும் நீண்ட படிவத்திலிருந்து வருபவை. ஒவ்வொரு தலைப்பிலும் ‘100 சதவீதம்’ அல்லது ‘25 சதவீதம்’ என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். 1,174-இல் நான்கில் ஒன்று சுமார் 290 குடித்தனம். அதில் வாடகைக்கு இருப்பவர்கள் சில பத்துகள்தான். அவர்களையும் மானிய வீடு, வருமான விகிதம் என்று உடைத்தால் கையில் நிற்பது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்த மட்டத்தில் 5 சதவீத வித்தியாசத்தை வைத்து முடிவெடுப்பது வீண்.

மேல் வரிகளைத் தவிர மற்றவை 5 அல்லது 10-இன் மடங்காக, தற்செயல் முறையில் மேலோ கீழோ முழுமையாக்கப்பட்டவை. தனிநபரை அடையாளம் காண முடியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கூட்டினால் மொத்தம் வராது, அது பிழையல்ல. தமிழர்கள் ஆவலோடு தேடுவது தாய்மொழிப் பட்டியலில் திராவிட மொழிகளுக்குக் கீழே வரும் ‘தமிழ்’ வரியை. அங்கே 0 என்றிருந்தால் யாருமே இல்லை என்று சொல்ல முடியாது, ஒரு சிறு குடும்பம் இருக்கலாம். 5 என்றிருந்தால் ஐவர் என்றும் பொருளில்லை. ‘எக்ஸ்’ எழுத்து நின்றால் இரகசியம் கருதி மறைத்தது. ‘எஃப்’ நின்றால் நம்பத்தகாத அளவுக்குத் தரவு மோசம்.

வீட்டு வகைப் பட்டியலைப் பெயரை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டாம். தனி வீட்டுக்குக் கீழே பேஸ்மென்டில் தனிக் குடித்தனம் இருந்தால், அந்தக் கட்டடத்தின் இரண்டு பகுதிகளுமே ‘டூப்ளெக்ஸில் உள்ள அபார்ட்மென்ட்’ என்ற வரிக்குப் போய்விடும். தனி வீடுகள் குறைந்திருப்பதாகத் தெரிந்தால் இடித்துவிட்டார்கள் என்று நினைக்காமல், பேஸ்மென்ட் வாடகை பெருகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘நகரும் வீடுகள்’ என்ற வரியில் மொபைல் ஹோமும் படகு வீடும் ஒன்றாகத்தான் இருக்கும்.

லுனென்பர்க்குக்கு இந்தப் பக்கம் செய்யும் மிகப் பெரிய அநியாயம் கட்டிய காலம் பற்றிய அட்டவணை. 2000-க்குப் பிறகு வருவதை ஐந்தைந்து ஆண்டாக நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள். பின்னால் போனால் எல்லாம் ‘1960 அல்லது அதற்கு முன்’ என்ற ஒரே பெட்டி. 18-ஆம் நூற்றாண்டு மரவீடும் 1959-இல் கட்டிய பங்களாவும் அதற்குள் அண்ணன் தம்பி. உலகப் பாரம்பரிய நகரம் ஒன்றுக்கு இந்த அட்டவணையால் பயனே இல்லை. அடித்தளக் கல், பழைய மின்கம்பி, காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கேள்விகள் என்று வாங்குபவருக்கு வேண்டியது எதுவும் அதிலிருந்து கிடைக்காது. ‘பெரிய பழுது தேவை’ என்ற வரியும் குடியிருப்பவரே சொன்னது, எந்தப் பொறியாளரும் வந்து பார்த்ததில்லை. நாற்பது ஆண்டாக ஒழுகும் கூரைக்குப் பழகிப்போனவர் ‘வழக்கமான பராமரிப்பு போதும்’ என்றுதான் குறிப்பார்.

வீட்டின் மதிப்பும் அப்படியே: இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்று உரிமையாளர் நினைத்த தொகை. பத்திரப் பதிவு விலை அல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் விலை ஓடிக்கொண்டிருந்தபோது கேட்ட கேள்வி அது.

உரிமையாளரின் மாதச் செலவு என்ற வரியில்தான் புதிதாக வருபவர் அதிகம் ஏமாறுவார். அதில் அடமானத் தவணை, சொத்து வரி, காண்டோ (அடுக்ககப் பராமரிப்பு) கட்டணம், மின்சாரம், சூடேற்றம், தண்ணீர் எல்லாம் அடங்கும்; வீட்டுக் காப்பீடு அந்தப் பட்டியலில் இல்லை. முதியவர்கள் நிறைந்த ஊரில் கடனை அடைத்து முடித்தவர்கள் பலர், அவர்கள் நடுமதிப்பைக் கீழே இழுப்பார்கள். பக்கத்திலேயே ‘அடமானம் உள்ள உரிமையாளர் சதவீதம்’ என்ற வரி இருக்கும், அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். போதாததற்கு, நோவா ஸ்கோஷியாவில் மாகாணவாசிகளின் வீடுகளுக்கு வரி மதிப்பீடு ஆண்டுக்கு எவ்வளவு ஏறலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. குடும்பத்துக்கு வெளியே வீடு கைமாறினால் அந்தச் சலுகை போய்விடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் வரி உங்கள் வரி ஆகாது. குறிப்பிட்ட வீட்டின் மதிப்பீட்டை மாகாணத்தின் சொத்து மதிப்பீட்டு நிறுவனமான பி.வி.எஸ்.சி. தளத்தில் முகவரி போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வருமானம் 2020-ஆம் ஆண்டுக்குரியது. படிவத்தில் கேட்டதல்ல, வருமான வரிப் பதிவுகளிலிருந்து எடுத்தது, அதனால் துல்லியம். ஆனால் அந்த ஆண்டு நான்கு வாரத்துக்கு 2,000 டாலர் என்று அவசர உதவித்தொகை வந்த ஆண்டு. குறைந்த ஊதியச் சுற்றுலா வேலையை நம்பியுள்ள ஊரில் வருமானம் வழக்கத்தைவிட நன்றாகவே தெரியும். மாதச் செலவோ 2021-க்குரியது. இந்த இரண்டையும் வகுத்துத்தான் ‘வருமானத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ வீட்டுக்குச் செலவிடுவோர்’ என்ற வரி வருகிறது. நாடு முழுவதும் ‘அடிப்படை வீட்டுத் தேவை’யில், அதாவது தகுந்த வீடு கைக்கெட்டாத நிலையில், இருப்போர் 2016-இல் 12.7 சதவீதம், 2021-இல் 10.1 என்று இறங்கியதற்கு அந்த உதவித்தொகைக்கும் பங்குண்டு. ஊர் அளவில் இறக்கம் தெரிந்தாலும் கொண்டாட வேண்டாம்.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுபவர்கள் 2011-ஐத் தாண்டிக் குதியுங்கள். 2010-இல் அரசு நீண்ட படிவத்தைக் கட்டாயமில்லாததாக்கியது. அதை எதிர்த்துத் தலைமைப் புள்ளியியலாளர் முனிர் ஷேக் பதவி விலகினார். விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்ற அந்த ஆய்வுக்குப் பதில் வந்த விகிதம் 68.6 சதவீதம்தான். 2016-இல் கட்டாயம் திரும்பியது. சிறிய ஊர்களின் 2011 வீட்டு வரிகளை ஒப்பீட்டுக்கு எடுக்கவே கூடாது.

ஒப்பிடும் பொத்தான் இந்தப் பக்கத்தின் நல்ல வசதி. ஆனால் பெரும்பாலோர் பக்கத்தில் கனடாவைப் போடுகிறார்கள். மஹோன் பே, பிரிட்ஜ்வாட்டர் என்று அதே கரையின் நகரத்தைப் போடுங்கள், அப்போதுதான் வித்தியாசம் ஊரைப் பற்றிப் பேசும். ஊர் ஒன்றை மட்டும் சிஎஸ்வி கோப்பாக இறக்குவது எளிது. எல்லா நகராட்சிகளையும் ஒன்றாக இறக்கினால் 5,161 ஊர்கள், ஊருக்கு 2,631 வரிகள், அதாவது 1.3 கோடிக்கு மேல். எக்செல் 10,48,576 வரியோடு நின்றுவிடும்.

இத்தனை குறை சொல்லியும் ஐந்துக்கு நான்கு கொடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் மாற்று இல்லை. மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான சி.எம்.எச்.சி. நடத்தும் வாடகைச் சந்தை ஆய்வு 10,000 பேருக்கு மேற்பட்ட நகர்ப்பகுதிகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. லுனென்பர்க் அளவு ஊருக்கு ஒழுங்காகக் கிடைக்கும் வாடகைப் புள்ளிவிவரம் இந்தக் கணக்கெடுப்பு மட்டுமே, அதுவும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 2021-க்கு அடுத்த கணக்கெடுப்பு நாள் 2026 மே 12. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகையும் வீட்டு எண்ணிக்கையும் 2022 பிப்ரவரியில் வந்தன. மாதச் செலவும் வீட்டு நிலையும் செப்டம்பர் வரை இழுத்தன.