நலச்சங்கமா, பகுதி சபையா, ஞாயிற்றுக்கிழமைத் தொண்டா? சென்னையில் வாடகைக்கு இருப்பவருக்கு ஓர் ஒப்பீடு

2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். மறுநாள் விடிந்தபோது ஜாபர்கான்பேட்டையில் நான் குடியிருந்த தெருவுக்குள் அடையாறு வந்திருந்தது. எனக்கு முதல் மாடி. எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நின்றவனை, இடுப்பளவு தண்ணீரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தெருமுனை அயர்ன் வண்டிக்காரர். "சார், மூணாவது வீட்ல ஆயா தனியா இருக்கு. நடக்க முடியாது. வந்து ஒரு கை புடிங்க."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேருமாகத் தூக்கி எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தோம். அந்தத் தெருவில் நான் குடிவந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி இருப்பதே எனக்குத் தெரியாது. துணி வாங்க வீடு வீடாகப் போகிறவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று பட்ட கூச்சம்தான் என்னை வெளியே இழுத்தது. அதன்பிறகு ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்தேன். புதிதாகக் குடிவந்த நண்பர்கள் "எதுல சேரலாம்?" என்று கேட்கும்போது சொல்வதை இங்கே எழுதுகிறேன். இரண்டு கேள்விகளை வைத்தே ஒப்பிடுகிறேன். வாடகைக்கு இருப்பவருக்கு அங்கே இடம் உண்டா? நீங்கள் ஒருநாள் வராமல் போனால் யாராவது கவனிப்பார்களா?

முதலில் வார இறுதித் தொண்டு அமைப்புகள், ஏனென்றால் நானும் அங்கேதான் தொடங்கினேன். சென்னையில் இதற்குக் குறைவே இல்லை. 2006-ல் இங்கே தொடங்கிய 'பூமி' அமைப்பில் இளைஞர்கள் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறார்கள். 2007-ல் தொடங்கிய இ.எஃப்.ஐ. (என்விரான்மென்டலிஸ்ட் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா) ஏரி குளங்களைச் சுத்தம் செய்கிறது. 1988-லிருந்து மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு, ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் கடற்கரையில் நடக்கிறது. வெள்ளம் வடிந்த அடுத்த மாதம் நான் போனது அந்த நடைக்குத்தான்.

மீனவர்கள் 'பங்குனி ஆமை' என்று சொல்லும் ஆமை முட்டையிட்டுவிட்டுப் போன தடம், மணலில் டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல இருக்கும். போன தடமும் வந்த தடமும் சேருமிடத்தில் ஒருவர் கம்பியால் மெல்லக் குத்திப் பார்ப்பார். மணல் இறுகியிருக்கும் இடமெல்லாம் கம்பி தடுக்கும். ஓரிடத்தில் மட்டும் சட்டென்று இறங்கும். அங்கே குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். நூறுக்கு மேல்கூட இருக்கும். முட்டை ஓடு கெட்டியாக இருக்காது, விரல் பட்டால் லேசாகக் குழியும். பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைத்துவிட்டு, ஒன்றரை மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். தெருவிளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துக் குஞ்சுகள் சாலைப்பக்கம் போய்விடும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

இந்த ஊர்மேல் எனக்கு முதல்முதலாக ஒட்டுதல் வந்தது அந்த இரவுகளில்தான். வாடகைக்காரரா, சொந்த வீட்டுக்காரரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பணம் தேவையில்லை, தூக்கத்தை விட்டால் போதும். ஆனால் விடிந்ததும் ஒருவர் அம்பத்தூருக்கும் ஒருவர் தாம்பரத்துக்கும் வண்டியைக் கிளப்புவார்கள். பொரிப்பகத்தைத் தினமும் பார்த்துக்கொள்ளும் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் அடுத்த வாரம் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. என் தெரு மட்டும் முன்பு இருந்தபடியே, எனக்குத் தெரியாத தெருவாகவே இருந்தது. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு இது மிக நல்ல தொடக்கம். தெருவைத் தெரிந்துகொள்ள இது வழியல்ல.

அடுத்தது நலச்சங்கம். ஏழு பேர் சேர்ந்தால் 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்துவிடலாம். வருடாந்திரப் பொதுக்கூட்டம் போட வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் வேறு, தெருவுக்கான குடியிருப்போர் நலச்சங்கம் வேறு. 'குடியிருப்போர்' என்ற சொல்லில் வாடகைக்காரரும் அடக்கம் என்றுதான் நான் நம்பினேன். ஒரு பொதுக்கூட்டத்தில் மக்கும் குப்பையைத் தனியாக எடுப்பது பற்றிப் பேச எழுந்தேன். மேடையிலிருந்து, "உங்க ஓனர் வந்தா பேசச் சொல்லுங்க சார்" என்றார்கள். மாதாமாதம் சந்தா கட்டியது நான். எல்லோர் முன்னாலும் உட்கார வேண்டியதாயிற்று. இன்றும் அது வலிக்கிறது.

ஆனாலும் சங்கத்தை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். சென்னையில் குப்பை விஷயத்தில் ஒரு பெரிய மாற்றம் சங்கங்கள் வழியாகத்தான் வந்தது. 1989-ல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பு, தெருவுக்குத் தெரு மக்களைச் சேர்த்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போடவைத்து, ஒரு மூன்றுசக்கர வண்டியையும் அதற்கு ஓர் ஆளையும் அமர்த்தியது. அதுவரை குப்பை பொறுக்கியவர் என்று ஒதுக்கப்பட்டவருக்குச் சம்பளமும், 'தெரு அழகாளர்' என்ற பெயரும் கிடைத்தன. தெருவே முன்வந்து செய்த வேலை அது.

சங்கத்துக்குள் நுழைய நான் கண்டுபிடித்த வழி, யாரும் விரும்பாத வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது. தண்ணி லாரிக் கணக்கை எழுத ஆளில்லாமல் பொருளாளர் தவித்துக்கொண்டிருந்தார். நான் எழுதித்தருகிறேன் என்றேன். லாரி வந்த நேரம், எத்தனை ஆயிரம் லிட்டர், எந்த சம்ப்பில் எவ்வளவு இறங்கியது, யார் கையெழுத்து. ஆறு மாதம் இதை எழுதியதும், கூட்டத்தில் தண்ணீர்ப் பேச்சு வந்தாலே "அவர்கிட்ட கேளுங்க" என்றார்கள். பிறகு உபவிதிகளை எடுத்துப் படித்தோம். வாடகைக்காரர் உறுப்பினர் ஆகக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. வழக்கம்தான் விதிபோல நின்றிருந்தது. எந்தச் சங்கத்திலும் சந்தா கட்டுவதற்கு முன்னால் உபவிதிகளின் நகலைக் கேளுங்கள்.

சங்கத்தின் உண்மையான குறை வேறு. ஒரேமாதிரி வீட்டில் இருப்பவர்கள் ஒரேமாதிரி கவலைகளைப் பேசும் இடம் அது. எங்கள் தெருவின் ஒரு பக்கம் தனி வீடுகள், அடுக்குமாடிகள். மறுபக்கம் ஹவுசிங் போர்டு பிளாக்குகள். நடுவில் இருபதடிச் சாலை. சங்கத்தின் கூட்டத்தில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாக உட்காரவைத்துப் பார்த்தது பகுதி சபையில்தான், அதாவது வார்டின் ஒரு பகுதியில் இருக்கும் வாக்காளர்கள் கவுன்சிலரோடு கூடிப் பேசும் கூட்டத்தில். பெரிய நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று 74-வது அரசியல் சட்டத் திருத்தம் சொன்னது 1992-ல். தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் வந்தது 2022-ல். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்கக் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வரே கலந்துகொண்டார். சென்னையில் 200 வார்டு. ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சபையின் உறுப்பினர்கள்.

வாடகைக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஓனரைக் கூட்டிவரச் சொல்ல இங்கே ஒருவராலும் முடியாது. ஒரே நிபந்தனை, வாக்காளர் அட்டை இப்போதைய முகவரியில் இருக்க வேண்டும். சொந்த ஊர் முகவரியிலேயே வைத்துக்கொண்டு பத்து வருடம் சென்னையில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். படிவம் 8-ஐப் பூர்த்திசெய்து கொடுத்தால் மாற்றிவிடலாம்.

நான் போன ஒரு கூட்டத்தில் பேச்சு மழைநீர் வடிகால் பற்றிப் போய்க்கொண்டிருந்தது. பிளாக்கிலிருந்து வந்த ஒரு அக்கா எழுந்தார். லேபிள் கிழித்த கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றைக் கட்டைப்பையிலிருந்து எடுத்து, கவுன்சிலர் மேஜைமேல் வைத்தார். உள்ளே இளமஞ்சளாகத் தண்ணீர், அடியில் மெல்லியதாகக் கறுப்பு. "குடிச்சுப் பாருங்கன்னு சொல்லல. மூடியத் தொறந்து மோந்து மட்டும் பாருங்க." யாரும் திறக்கவில்லை, திறக்க வேண்டியிருக்கவும் இல்லை. எங்கள் சங்கத்துச் செயலாளர் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இருபதடி தள்ளி இருக்கும் குழாயில் கழிவுநீர் கலப்பது அவருக்கும் எனக்கும் அன்றுதான் தெரிந்தது. அவரே எழுந்து, "இதத் தீர்மானமா எழுதுங்க" என்றார்.

'தீர்மானம்' என்ற சொல்தான் முக்கியம். பேசிவிட்டு வந்தால் காற்றோடு போகும். நடவடிக்கைக் குறிப்பில் ஏறினால் அடுத்த கூட்டத்தில் "என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். போவதற்கு முன்னால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்து அந்தப் புகார் எண்ணையும், தெருவிளக்கு என்றால் கம்பத்து எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். எது யார் வேலை என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு எல்லாம் மாநகராட்சி. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம். தெருமுனை பில்லர் பாக்ஸ் மின்வாரியம். தவறான அலுவலகத்தின் வாசலில் நின்றே பாதி மனு வீணாகிறது.

குறை என்ன என்றால், விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய சபை, எல்லா இடத்திலும் அப்படிக் கூடுவதில்லை. கூடினாலும் தேதி கடைசி நேரத்தில்தான் தெரியவரும். கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போய், அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாம் கேட்கவில்லை என்றால் சபை வெறும் பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

நான்காவது வழி, ஒருவருக்கு ஒருவர் செய்வது. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித்தரும் வேலை. நம் பள்ளித் தேர்வுகளில் இப்படி எழுதித்தருபவரைச் 'சொல்வதை எழுதுபவர்' என்பார்கள். யார் எழுதலாம் என்பதற்கு ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விதி உண்டு; முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். தேர்வு நேரத்தில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள். பி.ஏ. வரலாறு படித்த ஒரு பெண்ணுக்கு முதல்முறை எழுதினேன். கேள்வித்தாளை முழுவதும் ஒருமுறை வாசித்ததும், "அண்ணா, ஏழாவது கேள்வி இன்னொரு தடவை" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தற்குறியோடு சொல்ல ஆரம்பித்தாள். ஓரிடத்தில் நின்று, "ரெண்டு பக்கம் முன்னாடி மூணாவது வரில ஒரு வருஷம் சொன்னேன்ல, அத அடிச்சிடுங்க" என்றாள். இரண்டு பக்கத்துக்கு முன்னால் சொன்ன வரி, எத்தனையாவது வரி என்பது உட்பட அவள் மனசில் இருந்தது. என் வேலை, அவள் சொன்னதற்கு ஒரு எழுத்துக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது. தவறான விடை என்று தெரிந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது. 

நீங்கள் வராவிட்டால் யார் கவனிப்பார்கள் என்ற கேள்விக்கு இதைப்போல் நேரான பதில் வேறெதிலும் இல்லை. கடலாமை நடைக்கு வரவில்லை என்றால் வேறொருவர் நடப்பார். இங்கே ஒரு பிள்ளையின் ஒரு வருடம் போய்விடும். வேலையில் திடீரென்று மீட்டிங் வந்துவிடும் நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கிளை நூலகத்தின் வாசகர் வட்டமும் உண்டு. சொத்து வரியோடு நூலக வரி வசூலாகும் ஊர் இது. ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலராகவும் ஆகலாம். மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கு ஏற்றது. ரத்ததானம் ஆண்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்களுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை. இது எதற்கும் மாற்று கிடையாது, எதனோடும் சேர்த்தே செய்யலாம்.

எனவே யாருக்கு எது? ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், எப்போது வீடு மாறுவோம் என்று தெரியாதவர் வார இறுதி அமைப்புக்குப் போகலாம். தேதி சொன்னால் தவறாதவர் தேர்வு எழுதித்தரலாம். ஒரே பகுதியில் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கப்போகிறவர் என்றால், நான் தயங்காமல் பகுதி சபையைத்தான் சொல்வேன். அதோடு சங்கத்தில் ஒரு சின்ன வேலையும் வேண்டும். சங்கம் இல்லாமல் சபைக்குப் போனால் தனி ஆள். சபைக்குப் போகாத சங்கம் தெருவின் ஒரு பக்கம் மட்டுமே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்களிடம் ஒரு நோட்டு இருந்தது. தண்ணி லாரிக் கணக்கு நோட்டுதான், அதன் பின்பக்கத்திலிருந்து எழுதியது. தரைத்தளத்தில் தனியாக இருப்பவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள். பிளாக்குகளின் விவரத்தைப் பாட்டில் கொண்டுவந்த அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதியிருந்தேன். டிசம்பர் 4-ம் தேதி கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. நோட்டு என் வீட்டில் இல்லை, சங்க அலுவலகத்திலும் இல்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடம் எது என்று யோசித்து, பால் கவரை வெட்டி உறை போட்டு, அயர்ன் வண்டியின் டிராயரில் வைத்திருந்தோம்.