சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய ரேம், போன் போர்டு வாங்க வருபவரிடம் கவனம்

மலேசியாவில் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் டிவி, கம்ப்யூட்டர், கைப்பேசி பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. ரேம், பிராசசர், செத்துப்போன போன் போர்டு என்று 11 வருஷமாக எதையும் தூக்கிப் போடாமல் மூட்டை கட்டி வைத்திருந்தேன். மகள் காலேஜ் போகும்போது விற்கலாம் என்று கணக்கு. போன மாசம் மொத்தமும் போய்விட்டது. கைக்கு வந்தது முன்பணமாகக் கொடுத்த 300 வெள்ளி (ரிங்கிட்) மட்டும்தான்.

வந்தவர் நம்ம ஆள்தான். "அண்ணே, வணக்கம்" என்று நுழைந்து, என் அப்பா பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தின் பெயரைக்கூடச் சொன்னார். வழக்கமாகச் சாமான் எடுக்கும் தவுக்கே (சீன முதலாளி) கிலோவுக்கு இவ்வளவு என்று நின்ற இடத்தில் காசு தருவார். இவரோ, "அவருக்கு ஏண்ணே சும்மா கொடுக்குறீங்க? உருக்கி வர்ற தங்கத்துல நூத்துக்கு அறுபது உங்களுக்கு. ஜப்பான்காரன் பழைய போன்லதானே ஒலிம்பிக் மெடல் அடிச்சான்?" என்றார்.

மெடல் கதை உண்மைதான். டோக்கியோவுக்காக 62 லட்சம் போன்கள் உட்படச் சுமார் 79,000 டன் பழைய சாமான் சேர்த்தார்கள். அதிலிருந்து எடுத்த தங்கம் 32 கிலோ. இதை நான் தேடிப் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

நான் மயங்கியது மூசையை, அதாவது தங்கம் உருக்கும் சின்னக் கிண்ணத்தைப் பார்த்துத்தான். நாலு ரேமின் மஞ்சள் விளிம்பை வெட்டி மூசையில் போட்டு, வெங்காரம் தூவி, கேஸ் டார்ச்சைக் காட்டினார். பத்தே நிமிஷம். மிளகு அளவு தங்கமணி என் உள்ளங்கையில்.

ஈப்போ நகைப் பட்டறையில் இருக்கும் மைத்துனன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அத்தான், அந்தத் தங்கப் பூச்சு ஒரு மைக்ரோன்கூட இருக்காது. அடியில நிக்கல், செம்பு. அப்படியே உருக்கினா செம்புக் கட்டிதான் வரும். ஆசிட்ல கரைச்சு, திரும்பப் படிய வச்சா சேறு மாதிரி பழுப்புத் தூளா இறங்கும். அதை உருக்கினாத்தான் மஞ்சள். உங்க கையில வச்ச மணி அவர் பாக்கெட்ல இருந்து வந்தது." சோல்டர் பிடிக்கிற எனக்கே இது தோன்றவில்லை, பாருங்கள்.

அடுத்தது எடை. நான் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்த ரேமையும் பிராசசரையும் மலிவான டிவி போர்டுகளோடு ஒரே சாக்கில் கொட்டிவிட்டு, "எல்லாம் சேர்த்து 86 கிலோண்ணே" என்றார். அப்பா காலத்தில் தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதியதுதான் பால் எடை. நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வாட்சாப்பில் ஒரு தாள்: கலப்புச் சரக்கு, தங்கம் 1.1 கிராம், சுத்திகரிப்புச் செலவு போக நான்தான் 140 வெள்ளி பாக்கியாம். "பரவால்லண்ணே, விடுங்க" என்று ஒரு பெருந்தன்மை வேறு.

காசைவிட உறுத்துவது இன்னொன்று. அந்தச் சாக்கில் வாடிக்கையாளர்கள் விட்டுப்போன இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. யார் வீட்டுப் படங்களோ.

மின்கழிவு இங்கே எஸ்டபிள்யூ 110 (SW 110) என்ற பட்டியல் கழிவு, அதாவது சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள கழிவு. அதிலிருந்து உலோகம் பிரிக்கும் ஆலைக்குச் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் வேண்டும். எந்த ஆலை என்று நான் கேட்டபோது "பினாங்கு பக்கம்ணே" என்றார். அதோடு விட்டது என் தப்பு. ரகம் பிரித்து, உங்கள் தராசில் நிறுத்து, படம் எடுத்து, காசை எண்ணிய பிறகே சாக்கைத் தூக்க விடுங்கள். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்போது பாகான் செராய் பக்கம் சுற்றுகிறாராம். வெள்ளைப் பிக்கப். வந்ததும் முதலில் மூசையைத்தான் எடுத்து வைப்பார்.